ஏழு வெள்ளித் தகடுகள்

எட்டு நாள்களுக்குக் குனியக்கூடாது, பளு தூக்கக்கூடாது, கட்டுப் போட்ட இடத்தில் ஈரம் படக்கூடாது என்று திருநெல்வேலி மருத்துவமனையில் ஆறுமுகத்தாயிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கார்த்திகை மாதத்தில் நாற்று நடுகிறவளிடம் சொல்லத்தக்க சொற்கள் அல்ல அவை. அவளுடைய ஊரான மன்னாங்குளத்தில் பிசானப் பருவ நடுகை தொடங்கிவிட்டது. கன்னடியன் கால்வாய் இரு கரையும் தொட்டு ஓடியது. நாற்றங்கால்களில் பயிர் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்து, இன்னும் சில நாள் பொறுத்தால் முற்றிப்போகும் என்ற நிலையில் நின்றது. பொதிகை மலையின் உச்சி மூன்று நாள்களாகக் கண்ணில் படவில்லை. காலையில் ஒரு மழை, பிற்பகலில் ஒரு மழை என வானம் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது.

ஆறுமுகத்தாய்க்கு நாற்பத்தெட்டு வயது. பதினொரு பெண்கள் கொண்ட நடுகைக் கூட்டத்துக்கு அவளே தலைவி. எந்த வயலில் எந்நாள் இறங்குவது, எவளுக்கு எந்த வரிசை என்பவற்றை அவள்தான் முடிவு செய்வாள். மூன்று வாரங்களுக்கு முன்பு, முதல் நாற்றங்காலில் பறித்த நாற்றுக்கட்டு ஒன்றை மார்போடு அணைத்துத் தூக்கியபோது, இடப்பக்கம் ஏதோ உறுத்திற்று. சேற்றுமண் கட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும் என்று எண்ணி உதறினாள். மறுபடியும் உதறினாள். வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் அது அங்கேயே இருந்தது.

அவளுடைய மகள் தேன்மொழி திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். செய்தி அறிந்ததும் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து தாயைக் கையோடு அழைத்துச் சென்றாள். மருத்துவர் அழுத்திப் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு ஓர் ஊசியைச் செலுத்திச் சிறிது சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அடுத்த வியாழக்கிழமை முடிவு வரும், நேரில் வர வேண்டும் என்றார் மருத்துவர். புற்றுநோய் என்னும் சொல்லை அவர் ஒரு தடவைகூட உச்சரிக்கவில்லை. ஆனால் நடைவழியின் மேலே மாட்டியிருந்த பலகையில் அது பெரிய எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது.

ஊரில் யாருக்கும் இது தெரியாது. இடக்கையில் சுளுக்கு என்று சொல்லியிருந்தாள். ஊசி போட்டுக்கொண்ட மூன்றாம் நாள் காலையில் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நடுகை வயலுக்கு வந்து, வரப்பில் சாக்கை விரித்துக் குடை பிடித்து அமர்ந்தாள்.

"ஏளா ஆறுமுகம், வரப்புல ஒக்காந்து கொட பிடிச்சிட்டிருக்கியே, நீ என்ன மிராசுதார் வீட்டு மருமவளா?" என்று முழங்கால் அளவு சேற்றில் நின்றபடி கேட்டாள் சொர்ணாம்பாள். கூட்டத்தில் அவளே வயதில் மூத்தவள். அறுபதைத் தொட்டும் வரிசையில் பிந்தாதவள்.

"கை சுளுக்குன்னு சொன்னம்லா மைனி."

"சுளுக்குக்கு மூணு நாளா? நானும் எண்ண போட்டு நீவி விடுதேன் நீவி விடுதேன்னு சொல்லுதேன், தொட விடமாட்டேங்க. அப்படி என்ன ராணி சுளுக்கு?"

கூட்டத்தில் இளையவளான முத்துராணி நிமிர்ந்து, நாற்றுப்பிடியால் நெற்றியைத் துடைத்தாள். "மாமா கையப் பிடிச்சி இழுத்துருப்பாவ. அத்த சொல்ல வெக்கப்படுதாவ."

பெண்கள் குனிந்தபடியே சிரித்தார்கள்.

"யாரு, இசக்கிமுருகனா?" என்றாள் சொர்ணாம்பாள். "அவன் மடைப்பலகையத் தவிர வேற எதையும் பிடிச்சி இழுத்து நான் பாத்ததில்ல."

"ஏட்டி முத்துராணி, வாய அங்கன வச்சிட்டு கைய இங்கன பாரு. வரிசை கோணுது. மூணு மூணு நாத்தா வையி. கத்தையா வச்சா தூர் கட்டாது" என்றாள் ஆறுமுகத்தாய்.

"அத்தைக்குக் கைதான் சுளுக்கு. கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாள் முத்துராணி.

ஆறுமுகத்தாயும் சிரித்தாள். சிரிக்கும்போதே அவளுடைய வலக்கை விரல்கள் சேலைத் தலைப்புக்குள் சென்று, இடப்பக்கம் கட்டின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு மீண்டன. ஒரு நாளில் எத்தனை முறை இவ்வாறு தொடுகிறாள் என்பதை அவள் அறியவில்லை. அவளுடைய கணவர் அறிவார்.

இசக்கிமுருகன் அவ்வூர் மடைக்காரர். மேலப்பத்து வயல்கள் முழுவதுக்கும் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் பொறுப்பு அவருடையது. முறை தவறித் தண்ணீர் திருப்பிக்கொள்பவர் எவ்வளவு நிலம் உடையவராயினும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவார். கால்வாயின் இக்கரையில் நின்று அவர் பேசுவது அக்கரைக்குக் கேட்கும். வீட்டுக்குள் வந்தால் அந்தக் குரல் எங்கே போகிறது என்பது தெரியாது. மருத்துவமனைக்குச் சென்று வந்த நாளிலிருந்து இன்னும் குறைந்துவிட்டது. அவள் எத்தனை கவளம் உண்கிறாள் என்று எதிரே அமர்ந்து பார்த்தார். குடத்தை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அதிகாலையில் தாமே கருப்பட்டிக் காப்பி போட்டுத் தந்தார். அதில் காப்பியைவிடக் கருப்பட்டி மிகுதியாக இருந்தது.

"பாயாசம் நல்லாருக்கு" என்றாள் அவள்.

"காப்பிலா அது."

"காப்பியா? சரி, குடிக்கேன்."

தேன்மொழி ஒவ்வொரு நாளும் மதிய உணவு நேரத்தில் கைப்பேசியில் அழைத்தாள். "எம்மா, நீ அழுத்தி அழுத்திப் பாக்காத. அழுத்துனா பெருசாவும்னு ஒருத்தி போட்டிருக்கா. சீனி சேக்காத. மஞ்சப்பொடிய வெந்நியில போட்டுக் குடி."

"போன்ல போட்டிருக்கதையெல்லாம் ஏன்ட்டி படிக்க? படிச்சா நீ வச்சிக்கிட வேண்டியதான? எனக்கும் ஏன் ஊட்டுத?"

"எனக்குப் பயமா இருக்கும்மா."

"எனக்கு மட்டும் திருவிழாவாட்டி இருக்கு? போயி சோத்தத் தின்னு."

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கட்டு நனையாதபடி துணியை நனைத்து உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இடது அக்குளில் அவளுடைய விரல் நின்றது. மொச்சைப்பயறு அளவில் ஒன்று அங்கே உருண்டது. வலது அக்குளைத் தேடினாள், அங்கே இல்லை. கழுத்தைத் தேடினாள், தாடையின் கீழே தேடினாள், காதின் பின்புறம் தேடினாள். ஓரிடத்தில் எலும்பு, ஓரிடத்தில் நரம்பு, ஓரிடத்தில் பெயர் தெரியாத ஒரு முண்டு. தேடிச் செல்கிற விரலுக்கு உடம்பின் எல்லா இடங்களிலும் ஏதேனும் ஒன்று தட்டுப்பட்டது. ஆனால் அக்குளில் இருந்தது மட்டும் ஐயத்துக்கு இடமின்றி இருந்தது.

அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. மருத்துவமனைக்காரர்கள் எடுத்துச் சென்றது மார்பின் சதையை. இதை அவர்கள் அறியார். அறியாதது எழுத்தில் வராது. எழுத்தில் வராததை யாரும் அறுக்கப் போவதில்லை. இவ்வாறு ஒரு வழக்கைத் தன் மனத்துக்குள் நடத்தித் தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டாள். அன்று மதியம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் ஆக்கினாள். இசக்கிமுருகன் மூன்று முறை வாங்கி உண்டார். அவள் தட்டில் சோறு குறையவில்லை என்பதைக் கண்டதும் நான்காம் முறை வாங்காமல் எழுந்தார்.

திங்கட்கிழமை காலையில், மண்வெட்டிக்குக் காம்பு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு அவர் அம்பாசமுத்திரம் பேருந்தில் ஏறினார். உண்மையில் அவர் சென்றது கோயில் தெருவில் உள்ள பூசைப்பொருள் கடைக்கு. அந்தப் பக்கத்து மக்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உடம்பில் ஓர் உறுப்புக்குத் தீங்கு நேர்ந்தால், அவ்வுறுப்பின் உருவம் பதித்த வெள்ளித் தகட்டை வாங்கி, அம்மன் கோயில் உண்டியலில் செலுத்துவார்கள். கண்வலிக்குக் கண், கால்வலிக்குக் கால். இசக்கிமுருகனும் தேன்மொழியின் சிறுவயதில் அவளுக்குக் காதில் சீழ் வடிந்தபோது இரண்டு காதுகள் வாங்கிச் செலுத்தியிருக்கிறார்.

அக்காலத்தில் அக்கடையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருப்பார். அவரிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார். ஆனால் அன்று கடையில் இருந்தவள் முதியவரின் மருமகள் விஜயஸ்ரீ. இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது.

"வாங்க அண்ணாச்சி, என்ன வேணும்?"

"மாமா இல்லையோ?"

"அவிய குற்றாலத்துக்குப் போயிருக்காவ. என்ன வேணும், சொல்லுங்க."

"தகடு. உருத் தகடு."

அவள் ஒரு தகரப் பெட்டியை எடுத்து அவர் முன்னே திறந்து வைத்தாள். உறுப்புகள் அறை அறையாகப் பிரிந்து கிடந்தன. அவர் தேடி வந்தது இடப்பக்க மூலையில் இருந்தது. பார்த்தவுடன் தெரிந்துகொண்டார். தெரிந்துகொண்டவுடன் முகத்தைத் திருப்பிச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

"யாருக்கு அண்ணாச்சி?"

"வீட்டுல. அவளுக்கு."

"அவியளுக்கு எங்கன சொகமில்ல?"

"மேலுக்குத்தான் சொகமில்ல."

"மேலுக்குன்னா முழு உருவா வாங்கிக்கிடுங்க. பொம்பள உரு இருக்கு."

"மேலு முழுக்க இல்ல. ஒரு எடந்தான்."

"அந்த எடத்தச் சொல்லுங்க, எடுத்துத் தாரேன்."

அவருக்குப் பின்னால் சூடம் வாங்க வந்த இருவர் காத்திருந்தார்கள். அவர்களுள் ஒருவர், "நீங்க பைய யோசிச்சுச் சொல்லுங்க, அண்ணாச்சி. நாங்க பங்குனி மாசம் அறுப்பு முடிஞ்சி வந்து சூடம் வாங்கிக்கிடுதோம்" என்றார்.

விஜயஸ்ரீ அவருக்கு உதவ எண்ணினாள். "கண்ணா அண்ணாச்சி?"

இசக்கிமுருகனின் கழுத்தில் வியர்வை வழிந்தது. "கண்ணு... கண்ணு ஒண்ணு எடு."

"வேறயா? காதா?"

"அதும் எடு."

முகம், நாக்கு, கை, வயிறு, கால் என்று அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றுக்கும் அவர் தலையை அசைத்தார். கடைசியாக அவளுடைய கை இடப்பக்க மூலைக்குச் சென்றது. "இதா?" என்று அவள் இயல்பாகக் கேட்டாள்.

"அது வேண்டாம்மா" என்றார் இசக்கிமுருகன். அன்று முழுவதும் அவர் உறுதியாகச் சொன்ன சொல் அது ஒன்றுதான்.

அவர் வீடு திரும்பியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. ஆறுமுகத்தாய் அடுப்படியில் கால்களை நீட்டி அமர்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் பொட்டலத்தைப் பிரித்து ஏழு தகடுகளையும் சோற்றுத் தட்டில் வரிசையாக வைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"மம்பட்டிக்குக் காம்பு வாங்கப் போறேன்னு போனீய."

"காம்பு சரியில்ல. இது இருந்துச்சு. நாளைக்குச் செவ்வாய்க்கிழமைலா. முப்பிடாதி அம்மனுக்குப் போட்டுருவோம்."

அவள் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். "இது கண்ணு. எனக்குக் கண்ணு நல்லாத்தான தெரியுது. இது காது. காதும் கேக்கு. இது என்ன, நாக்கா? நாக்குக்கு என்ன கொறச்சல்?"

"நாக்கு நல்லாத்தான் இருக்கு" என்று அவர் ஒப்புக்கொண்டார்.

அவள் ஏழையும் பார்த்து முடித்துவிட்டுப் பொட்டலத்தின் தாளை விரித்துத் தேடினாள். "அது எங்க?"

"எது?"

"அதுதான்."

அவர் தரையைப் பார்த்தார். "கடையில ஒரு பிள்ள நின்னுச்சு. நம்ம தேனு வயசு. அதுகிட்டப் போயி எப்படிக் கேக்க?"

"கேக்காம வந்துட்டீய. சரி. அப்பம் இதெல்லாம் எதுக்கு?"

பேருந்தில் வரும்போதே இசக்கிமுருகன் இதற்கு ஒரு விடை கண்டிருந்தார். "இப்பம் மடையத் தொறந்து முறை வச்சித் தண்ணி விடுதேன்லா. எல்லா வயலும் பாஞ்சாச்சுன்னு எழுதிட்டு வந்தா, மிச்சம் பாயாத வயலு எதுன்னு யாரும் சொல்லாமலே தெரிஞ்சிரும்லா? அதுமாதிரிதான். இத்தனையும் போட்டா, இதுல இல்லாதது எதுன்னு அம்மன் பாத்துக்கிட மாட்டாளா?"

ஆறுமுகத்தாய் அவரைப் பார்த்தாள். அவர் சற்றும் விளையாட்டாகச் சொல்லவில்லை. முதலில் அவளுடைய தோள்கள் குலுங்கின. பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கையையும் மீறிச் சிரிப்பு வெளிவந்தது. "அய்யோ, கட்டு இழுக்கு. சிரிக்க வைக்காதீய. வலிக்கு." கண்ணில் நீர் வழிந்தது. கீரைக்காம்புகள் மடியிலிருந்து சிதறின. தம்முடைய சொல்லில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்காமல் அவர் முதலில் விழித்தார். பிறகு, ஐந்து நாள்களாக இந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை என்பது நினைவுக்கு வர, அவரும் சிரிக்கத் தொடங்கினார்.

சிரிப்பு அடங்கியபோது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அப்படிப் பாத்தா கக்கமும் இதுல இல்லியே."

"கக்கத்துக்கு என்ன?"

மடைப்பலகை இழுத்துக் காய்ப்பேறிய அவருடைய கையைப் பிடித்து, தன் இடது அக்குளில் வைத்தாள். அடுப்பில் உலைநீர் கொதித்துச் சிந்தியது. அதை இறக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை.

"எப்பம் பாத்த?"

"நேத்து. மேலு தொடைக்கும்போது."

"தேனுகிட்டச் சொன்னியா?"

"சொன்னா அவ வேல பாப்பாளா? கடையில நின்னு அழுதுட்டிருப்பா."

"டாக்டர்ட்டச் சொல்லணும்."

"மொதல்ல அந்தக் காயிதம் வரட்டும்." அவள் சிதறிய கீரையைப் பொறுக்கினாள். "காயிதம் நல்லதா வந்துட்டுன்னா இதச் சொல்ல வேண்டாம். கேட்டியளா? நீங்களும் வாயத் தொறக்கக் கூடாது. நல்லதா வந்த பொறவு நாம ஏன் போயி வம்ப இழுக்கணும்? திரும்ப ஊசி, திரும்ப எட்டு நாளு. என்னால முடியாது."

இசக்கிமுருகன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. உலையை இறக்கி வைத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குச் சென்றார்.

செவ்வாய்க்கிழமை தகடுகளை உண்டியலில் போட்டார்கள். "இம்புட்டா? யாருக்குவே?" என்று கேட்டார் பூசாரி. "வீட்டுல எல்லாத்துக்கும்" என்று சொல்லி இசக்கிமுருகன் திருநீறு வாங்கிக்கொண்டார். புதன்கிழமை பெருமழை பெய்தது. வயலில் யாரும் இறங்கவில்லை. ஆறுமுகத்தாய் வீட்டில் உள்ள டப்பாக்களை எல்லாம் இறக்கி, பருப்பு வேறு, பயறு வேறு, மல்லி வேறு எனப் புடைத்து, துடைத்து, மறுபடியும் அடுக்கினாள். அடுக்கி முடித்தபோது மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. ஆகவே மறுபடியும் இறக்கினாள்.

வியாழக்கிழமை காலை கல்லிடைக்குறிச்சியில் ரயில் ஏறித் திருநெல்வேலிக்குச் சென்றார்கள். சேரன்மகாதேவி தாண்டிய பிறகு, "தண்ணி தாமிரவருணியில நல்லா வருது" என்றார் அவர். "வரட்டும்" என்றாள் அவள். மருத்துவமனை வாசலில் தேன்மொழி நின்றிருந்தாள். அவளும் சரியாக உறங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மருத்துவர் முப்பத்தைந்து வயதுள்ளவர். கோப்பைப் பிரித்துப் படித்துவிட்டு, அவர்கள் மூவரையும் ஒரு முறை பார்த்தார். "பயப்படாதீங்கம்மா. கட்டியில கேன்சர் இல்லை. சாதாரணக் கட்டிதான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினா போதும்."

தேன்மொழி அழுதாள். இசக்கிமுருகன் மருத்துவரைக் கும்பிட்டார், பக்கத்தில் நின்ற செவிலியைக் கும்பிட்டார், மேசை மேல் இருந்த காகிதத்தையும் கும்பிட்டார். ஆறுமுகத்தாய் எழுந்து முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "போவோம்" என்றாள். தேன்மொழி கதவைத் திறந்தாள். வெளியே வரிசையில் இருந்தவர்கள் தலையை நீட்டி உள்ளே பார்த்தார்கள்.

இசக்கிமுருகன் எழவில்லை.

"என்ன, எந்திரிங்க" என்றாள் ஆறுமுகத்தாய்.

"சார், ஒரு நிமிசம்." அவருடைய குரல் உள்ளே சென்றுவிட்டிருந்தது. கதவை, வரிசையை, மகளை, மறுபடியும் மருத்துவரைப் பார்த்தார். "இவளுக்கு..." கழுத்தில் வியர்வை வழிந்தது. "இவளுக்கு இன்னொண்ணு இருக்கு. நான் சொல்ல மாட்டேன். எனக்கு வராது. இவ சொல்லுவா."

ஆறுமுகத்தாய் அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். அவர் நாற்காலியின் கைகளை இரு கைகளாலும் பிடித்திருந்தார். வெள்ளத்தின்போது மடைப்பலகையைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பதை அவள் கண்டிருக்கிறாள். அந்த நிலையில் அவரை யாராலும் நகர்த்த இயலாது. தேன்மொழி கதவைச் சாத்தினாள்.

"கக்கத்துல ஒரு கட்டி இருக்குய்யா" என்றாள் ஆறுமுகத்தாய். "ஞாயித்துக்கிழமதான் பாத்தேன்."

செவிலி திரையை இழுத்தாள். மருத்துவர் பார்த்தார். கைகழுவிக்கொண்டே சொன்னார்: "ஊசி போட்ட இடத்துக்குப் பக்கத்துல நெறி கட்டுறது உண்டும்மா. பெரும்பாலும் அதுவாத்தான் இருக்கும். ஆனா பார்க்காம நான் சொல்ல மாட்டேன். இன்னிக்கே ஸ்கேன் எடுத்துருவோம். தேவைப்பட்டா ஊசியும் வைப்போம்."

"நான் தொட்டுத் தொட்டுப் பாத்ததுனால வந்திருக்குமோ?"

"தொடுறதால வராதும்மா. தொட்டதால தெரிஞ்சுது. அவ்வளவுதான்."

ஸ்கேன் எடுத்த பிறகு ஊசியும் வைத்தார்கள். முடிவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். மகளைக் கடைக்கு அனுப்பிவிட்டு இருவரும் மாலை ரயிலுக்குச் சந்திப்பு நிலையத்தில் அமர்ந்தார்கள்.

"எம்மேல கோவமா?"

"ஆமா."

"பூரி வாங்கித் தரட்டா?"

அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "கெழங்கு நெறைய வைக்கச் சொல்லுங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை வானம் வெளுத்தது. மேலப்பத்தில் கடைசிச் சில வயல்களே மீதமிருந்தன. பதினொரு பேரில் பத்துப் பேர் இறங்கியிருந்தார்கள். ஆறுமுகத்தாய் வரப்பில் வந்து அமர்ந்தாள்.

"சுளுக்கு விட்டுச்சா மகராசிக்கு?" என்றாள் சொர்ணாம்பாள்.

"சுளுக்கு இல்ல மைனி." கணவரின் வாயில் வராத சொல் தன் வாயிலும் வர மறுப்பதை ஆறுமுகத்தாய் உணர்ந்தாள். "மாருல கட்டி. ஊசி போட்டுச் சதைய எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாவ. நேத்து முடிவு சொன்னாவ, கேன்சர் இல்லன்னுட்டாவ. கக்கத்துல இன்னொண்ணு இருக்கு. அதுக்கும் ஊசி போட்டிருக்கு. அடுத்த வெள்ளிக்கிழம தெரியும்."

பத்துப் பேரின் கைகளும் நின்றன. "அத்த" என்றாள் முத்துராணி. "கைய ஏன்ட்டி நிறுத்துதிய? நாத்து வாடுது" என்றாள் ஆறுமுகத்தாய். அவர்கள் குனிந்தார்கள். வழக்கமாக அந்நேரத்தில் யாரேனும் ஒருத்தி மாமியாரைப் பற்றியோ மழையைப் பற்றியோ தொடங்கிவிடுவாள். அன்று ஒருத்தியும் தொடங்கவில்லை.

சிறிது நேரத்தில் சொர்ணாம்பாளின் வரிசை பிந்தியது. முப்பது ஆண்டுகளில் ஆறுமுகத்தாய் அதைக் கண்டதில்லை. மற்றவர்கள் நட்டபடியே இரண்டு அடி பின்னோக்கிச் சென்றுவிட்டார்கள். அவள் நாற்றுப்பிடியைக் கையில் வைத்தபடி அதே இடத்தில் நின்றாள். பிறகு சேற்றைக் கிழித்து நடந்து வரப்போரம் வந்தாள்.

"அந்த ஊசி வலிக்குமாளா?"

"கட்டெறும்பு கடிச்ச மாதிரி இருக்கும். ஏன் மைனி?"

சொர்ணாம்பாள் நாற்றின் வேரில் இருந்த மண்ணை விரலால் தள்ளித் தள்ளி உதிர்த்தாள். "பாக்கது ஆம்பள டாக்டரா?"

"ஆமா. நல்ல பையன். நர்சு பக்கத்துலயே நிப்பா."

சொர்ணாம்பாள் மலைப்பக்கம் பார்த்தாள். "எனக்கு ரெண்டு வருசமா இருக்கு" என்றாள். "வலது பக்கம். மொதல்ல சின்னதாத்தான் இருந்துச்சு."

ஆறுமுகத்தாய் எழுந்தாள். கை நீட்டினாள்.

"கரையேறுங்க மைனி."

"வரிசைய முடிச்சிட்டு வாரேன்."

"கரையேறுங்கன்னு சொல்லுதேன்லா. மத்தியான வண்டி ஒண்ணு இருக்கு. அவிய மடையில இருந்து வந்து சீட்டு எடுத்துத் தருவாவ. என்ன ஏதுன்னு அவியளா கேக்க மாட்டாவ, பயப்படாதீய."

சொர்ணாம்பாள் நாற்றுப்பிடியை நீருக்குள் வைத்துவிட்டு, ஆறுமுகத்தாயின் வலக்கையைப் பற்றி வரப்பில் ஏறினாள். இருவரும் வயலுக்குத் தண்ணீர் விழும் வாமடைக்குச் சென்றார்கள். ஆறுமுகத்தாய் ஒரு கையால் தண்ணீரை அள்ளி ஊற்ற, சொர்ணாம்பாள் முழங்கைவரை இருந்த சேற்றைத் தேய்த்துக் கழுவினாள். வயலில் முத்துராணி நிமிர்ந்து ஒரு முறை பார்த்தாள். பிறகு அவள் ஒருபுறமும் பக்கத்தில் நின்றவள் மறுபுறமும் சற்று நெருங்கி, சொர்ணாம்பாள் விட்டுச் சென்ற வரிசையையும் சேர்த்து நட்டுக்கொண்டே போனார்கள்.